சைக்கிளை எதோடு பூட்டுவது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள எங்கள் ஊர் நிபோங் திபாலில் இன்றைக்கும் சைக்கிளை நம்பி இருக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், மோட்டார் வாங்கும் வசதி இன்னும் வராதவர்கள், வயதாகிவிட்டதால் மோட்டாரைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்ட பெரியவர்கள், லைசென்ஸ் எடுக்கும் வயது வராத மாணவர்கள், செம்பனைத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள் ஆகியோர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பளபளக்கும் சட்டை அணிந்து கூட்டமாகச் செல்லும் உடற்பயிற்சிக்காரர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களுடைய வண்டி எங்கள் வண்டியைவிடப் பல மடங்கு விலையுள்ளது என்றாலும், அது அவர்கள் கண்ணைவிட்டு அகல்வதே இல்லை. ரொட்டி சானாய் சாப்பிடும்போதுகூட மேசைக்குப் பக்கத்தில்தான் சாய்ந்து நிற்கும். திருட்டுக்கு அஞ்ச வேண்டியவர் வண்டியை விட்டுவிட்டுப் போயாக வேண்டியவர்: ரயில் நிலையத்தருகே நிறுத்திவிட்டு, புக்கிட் மெர்தாஜாமுக்கோ பட்டர்வொர்த்துக்கோ கொமுட்டர் ரயில் ஏறி, இருட்டிய பிறகு திரும்புகிறவர், கிளினிக்கில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு பாதி நாள் காத்திருக்கிறவர், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடியும்வரை வண்டியைத் திரும்பிப் பார்க்க முடியாதவர்.

இவர்களுடைய வண்டிகள் பெரும்பாலும் நானூறு, ஐந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் பெறாதவை. அதனால்தான் சைக்கிள் திருட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 2025ஆம் ஆண்டு முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றிருக்கும்போது, அந்த வண்டி காணாமல் போவது என்றால் ஏறக்குறைய ஒரு வார உழைப்பு காணாமல் போகிறது என்று பொருள். ஊருக்குப் பணம் அனுப்பும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இழப்பு இன்னும் பெரிது. தங்குமிடத்திலிருந்து வேலைக்கும் கடைக்கும் போக அவருக்கு வேறு வழி இருக்காது, காவல் நிலையத்துப் படியேறவும் அவர் தயங்குவார்.

திருட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் பூட்டைப் பற்றியே விசாரிக்கிறார்கள். எந்தப் பூட்டு நல்லது, என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பவை கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் எங்களுடையதைப் போன்ற தோட்டப் பட்டணத்தில் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வண்டியை எதோடு பூட்டுவது? பூட்டு எவ்வளவு தரமானதாக இருந்தாலும், மறுபக்கம் அசையாத பொருள் ஒன்று இல்லாவிட்டால், இரண்டு பேர் வண்டியைப் பூட்டோடு தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போய்விடலாம். பூட்டை அறுக்கிற வேலையைப் பிறகு வீட்டில் வைத்து நிதானமாகச் செய்துகொள்வார்கள்.

ரப்பர் காலத்து வண்டிகளுக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ரேலி வண்டிகள் சிலவற்றில் முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கவையின் தலையிலேயே சாவித்துளை இருக்கும். பூட்டினால் ஹேண்டல்பார் ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுவிடும். மற்ற வண்டிகளில் பின்சக்கரத்துக் கம்பிகளுக்கு இடையே பாயும் வளையப் பூட்டு இருந்தது. இரண்டுமே வண்டியை வண்டியோடு பூட்டுபவை. சுவரோடோ கம்பத்தோடோ அவற்றுக்கு உறவு இல்லை. அவை அந்தக் காலத்தில் போதுமானவையாக இருந்ததற்குக் காரணம் பூட்டின் வலிமை கிடையாது. ரப்பர் பால் வாளி தொங்கவிடக் கேரியரின் இருபுறமும் கம்பி வளைத்துப் பற்றவைத்த வண்டி எது, மட்கார்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்தது எது என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தோட்டத்துக்கு நுழைவாயில் ஒன்று, அங்கே ஒரு ஜாகா, அதாவது காவலாளி. நகராட்சி கொடுத்த உரிமத் தகடும் வண்டியில் பொருத்தப்பட்டிருந்தது. எடுத்துக்கொண்டு போனாலும் அடுத்த தோட்டத்தில் விற்க முடியாது, ஏனென்றால் அங்கேயும் மாமனோ மச்சானோ இருப்பார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, மக்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு அந்தக் கண்கள் கலைந்துவிட்டன. எங்கள் கடைத்தெருவில் நிற்கும் வண்டிகளில் பாதி யாருடையவை என்று இப்போது எனக்குத் தெரியாது. என் வண்டி யாருடையது என்று மற்றவர்களுக்கும் தெரிய வாய்ப்பில்லை. ஜாவி சந்திப்பில் நெடுஞ்சாலை ஏறிவிட்டால் திருடிய பொருள் சிறிது நேரத்தில் பினாங்குப் பாலத்தை எட்டிவிடும். ஆனால் கடைகளில் விற்கும் சாதாரண வண்டிகளில் பலவற்றில் இன்னும் அதே வளையப் பூட்டுதான் பொருத்தப்பட்டு வருகிறது. அதை நான் குறை சொல்லவில்லை; ஐந்து நிமிடத்துக்குள் திரும்பும் வேலைக்கு, வண்டி கண்ணில் படும் தூரத்தில் நிற்கும்போது, ஏறி ஓட்டிக்கொண்டு போவதைத் தடுக்க அது போதும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) ஒருவர் எங்கள் கோப்பிக் கடைக்கு வருவார். பூட்டே இல்லாமல் வண்டியைத் தூணில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்காருவார். கேட்டால், "துருப்பிடிச்ச வண்டிய யாரு தம்பி எடுக்கப் போறா? எடுத்தாலும் பழைய இரும்புக் கடைக்காரன் பத்து வெள்ளி கொடுப்பானா?" என்பார். இதில் பாதி உண்மை இருக்கிறது. விற்பதற்காகத் திருடுகிறவன் அவர் வண்டியைத் தொட மாட்டான். ஆனால் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவனுக்கும், விளையாட்டாக எடுத்துப்போய்க் கால்வாயில் தள்ளிவிட்டுப் போகும் பையனுக்கும் துரு ஒரு தடையில்லை. அவர்களுக்கு வேண்டியது பூட்டில்லாத ஏதோ ஒரு வண்டிதான். எங்கள் ஊரில் எந்த வண்டி காணாமல் போனாலும் பழி முதலில் லாஜாக் எனப்படும் மாற்றியமைத்த சைக்கிள் ஓட்டும் பையன்கள் மேல் விழுகிறது. நான் அதை அப்படியே ஏற்பதில்லை. திருடுகிறவர்கள் பல வகை. யாரைத் தடுக்கிறோம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு செலவழிப்பது என்று முடிவு செய்ய முடியும்.

பூட்டுகளில் அதிகம் விற்பது வண்ண பிளாஸ்டிக் உறை போட்ட வயர் பூட்டு. பார்ப்பதற்குக் கட்டைவிரல் பருமன் இருக்கும். அறுபட்டுக் கிடக்கும் அத்தகைய பூட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பருமனில் பெரும்பகுதி பிளாஸ்டிக்காகவே இருக்கும், நடுவில் மெல்லிய இரும்பு இழைகள் முறுக்கப்பட்டிருக்கும், வெட்டுவாயில் அந்த இழைகள் துடைப்பத்தின் நுனியைப் போல விரிந்து நிற்கும். மின்வயர் வெட்டும் கைக்கருவி ஒன்றிருந்தால் அதைச் சில நொடிகளில் நறுக்கிவிடலாம். எண் சுழற்றும் வகையும் அப்படித்தான். நான்கு இலக்கப் பூட்டில் பத்தாயிரம் எண்கள் சாத்தியம் என்றாலும், மலிவான பூட்டில் வயரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளையமாகத் திருப்பினால், சரியான எண் வரும் இடத்தில் விரலுக்கு ஒரு சிறு தளர்வு தெரிந்துவிடும். அந்தச் சிரமம்கூடத் தேவைப்படாதபடி பலர் பிறந்த ஆண்டையே எண்ணாக வைத்துவிடுகிறார்கள்.

யூ வடிவப் பூட்டு வேறு இனம். இரும்புத் தண்டு ஒன்றை வளைத்து, குறுக்குக் கட்டையால் இரு முனைகளையும் பிணைப்பது அதன் அமைப்பு. ஆனால் வடிவத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்குப் புகழ்பெற்ற சாட்சி ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் கிரிப்டோனைட் நிறுவனத்தின் யூ பூட்டுகளைச் சாதாரண பிக் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறந்துவிடலாம் என்று ஒருவர் படம் பிடித்து இணையத்தில் காட்டினார். அந்தப் பூட்டுகளின் சாவித்துளை வட்டமானது. பேனாவின் மென்மையான விளிம்பு உள்ளே இருக்கும் முளைகளின் மேல் அழுந்தி, சாவியின் வேலையைச் செய்துவிட்டது. நிறுவனம் பூட்டுகளைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தது, அந்தச் சாவி முறையையும் கைவிட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் ஊர்ப் பல்பொருள் கடைகளில் வட்டச் சாவிப் பூட்டுகள் தொங்குகின்றன. வாங்கும்போது சாவியைப் பாருங்கள். குழாய்போல இருந்தால் திருப்பி மாட்டிவிட்டு வந்துவிடுங்கள். தட்டைச் சாவியாக இருப்பது குறைந்தபட்சத் தேவை.

இன்னொன்றையும் கடையிலேயே பார்த்துவிடலாம். குறுக்குக் கட்டை யூவின் இரண்டு காலையும் கவ்வுகிறதா, அல்லது ஒரு காலை மட்டும் கவ்வி மறுகாலைச் சும்மா கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறதா என்பதுதான் அது. இரண்டையும் கவ்வும் பூட்டில், தண்டை ஓரிடத்தில் வெட்டினாலும் அதைத் திருகிக் கழற்ற முடியாது. பெரும்பாலும் இரண்டாவது முறையும் வெட்ட வேண்டியிருக்கும். பிரிட்டனில் சோல்ட் செக்யூர் என்ற சோதனை அமைப்பு பூட்டுகளை உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கிறது. அந்த முத்திரை உள்ள பூட்டு நம் நாட்டுக்கும் இணைய வழியாக வருகிறது. வெள்ளித் தரத்துக்கே நூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆகிவிடும். நானூறு வெள்ளி வண்டிக்கு அது அதிகமாகத் தெரியும். ஆனால் பூட்டு அடுத்த வண்டிக்கும், அதற்கடுத்த வண்டிக்கும் உழைக்கும் என்பதால் அதை வண்டி விலையோடு சேர்க்காமல் தனியாகக் கணக்குப் பார்ப்பதே முறை.

சங்கிலி விரும்புகிறவர்கள் கனத்தைப் பார்க்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் அடிக்கணக்கில் வெட்டிக் கொடுக்கும் சாதாரணச் சங்கிலி நாய் கட்டுவதற்கானது. கைப்பிடி நீளமான போல்ட் கட்டர் அதைப் பொருட்படுத்தாது. கடினப்படுத்திய உருக்கால் ஆன சங்கிலியே பூட்டுக்கு உரியது, அதுவும் நல்ல கனத்தில் இருந்தால் தூக்கிச் செல்லவே ஒரு தெம்பு வேண்டும். எந்தச் சங்கிலியானாலும் தரையில் கிடக்கும்படி பூட்டாதீர்கள். தரை திருடனுக்கு உதவி செய்யும்: கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியின் மேல் உடம்பின் முழு எடையையும் அவனால் போட முடியும். வண்டியின் இடுப்பு உயரத்தில் இறுக்கமாகச் சுற்றினால் அந்த வசதி கிடைக்காது. பேட்டரியில் ஓடும் கிரைண்டர் வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் அதிக நேரம் தாங்காது. ஹிப்லாக், லைட்லாக் போன்ற நிறுவனங்கள் வெட்டும் தட்டையே தேய்த்துத் தீர்க்கும் கலவையில் பூட்டுச் செய்கின்றன. அவற்றின் விலை எங்கள் வண்டிகளின் விலையைத் தாண்டும் என்பதால் அவற்றைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை. பகல் நேரத்துக் கடைத்தெருவில் கிரைண்டர் எழுப்பும் சத்தமும் பொறியும் பத்துப் பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் என்பதுதான் எங்களுக்குள்ள பாதுகாப்பு.

பூட்டும் முறையைப் பற்றி அமெரிக்க மிதிவண்டி வல்லுநர் ஷெல்டன் பிரவுன், 2008இல் மறைந்தவர், சொன்ன வழி இன்றைக்கும் பேசப்படுகிறது. யூ பூட்டைப் பின்சக்கரத்தின் ரிம்மையும் டயரையும் சுற்றி, பின்பக்க முக்கோணச் சட்டத்துக்கு உள்ளே அமையும்படி பூட்டினால், சட்டத்தைத் தனியாகப் பூட்ட வேண்டியதில்லை; சக்கரத்தை அந்த முக்கோணத்தின் வழியாக உருவி எடுக்க முடியாது. இதனால் சிறிய பூட்டே போதும், சிறிய பூட்டில் நெம்புகோல் நுழைய இடமும் இருக்காது. ரிம்மை அறுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு, இறுக்கமான கம்பிகளும் காற்று நிரம்பிய டயரும் ரிம்மை அமுக்கிக்கொண்டிருப்பதால் வாள் நடுவில் சிக்கிக்கொள்ளும் என்று அவர் பதில் சொன்னார். இந்த வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் என் பூட்டு இடம் கொடுக்கும்போது சட்டத்தின் குழாயையும் சேர்த்தே பூட்டுகிறேன், ஏனென்றால் திருடன் அந்த வாதத்தைப் படித்திருக்க மாட்டான். முயன்று பார்த்து என் சக்கரத்தைக் கெடுத்துவிட்டுப் போவான். முன்சக்கரத்தை மட்டும் பூட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. இரும்புக் கம்பத்தோடு ஒரு முன்சக்கரம் மட்டும் பத்திரமாகப் பூட்டப்பட்டு நிற்க, மீதி வண்டி போய்விட்டிருக்கும் காட்சியைப் பெருநகரங்களில் காணலாம். நெம்பினால் கழன்றுவிடும் விரைவுப் பிடி உள்ள சக்கரமாக இருந்தால் அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம். அந்தப் பிடிகளை எடுத்துவிட்டுச் சாதாரண நட்டுப் போட்டுத் தரும்படி சைக்கிள் கடைக்காரரிடம் கேட்கலாம்.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். பழைய கடைவரிசையின் அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) வண்டியை நிறுத்த நிழல் உண்டு, மழைக்கு ஒதுங்க இடமுண்டு, ஆனால் பூட்டுவதற்கு ஏற்ற ஒன்று கிடைப்பது அரிது. தூண்கள் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். எந்த யூ பூட்டும் அவற்றைச் சுற்றி வராது. தூணை ஒட்டி இறங்கும் மழைநீர்க் குழாய் பூட்டுக்குச் சரியான அளவில் இருக்கும், பலர் அதில்தான் பூட்டுகிறார்கள். அதை விரலால் தட்டிப் பாருங்கள், பிளாஸ்டிக் என்பது சத்தத்திலேயே தெரியும். குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டையில் துருப்பிடித்த இரண்டு திருகாணிகள் இருக்கும், அவற்றில் ஒன்று ஏற்கெனவே பாதி வெளியே வந்திருக்கும். காலால் ஓர் உதை போதும். கால்வாயை மூடியிருக்கும் இரும்புச் சட்டத்தில் சங்கிலியை நுழைத்துப் பூட்டுகிறவர்களும் உண்டு. அது உறுதியாகத்தான் தெரியும். ஆனால் பழைய இரும்பு விலைக்காக அந்தச் சட்டங்களே களவு போகும் நாட்டில் நாம் வாழ்கிறோம் என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

சாலையோரத்துப் பெயர்ப்பலகைக் கம்பத்தை நம்புவதற்கு முன்னால் மேலே பார்க்க வேண்டும். பலகை சிறியதாக இருந்தால் பூட்டிய வண்டியை அப்படியே மேலே தூக்கிக் கழற்றிவிட முடியும். கீழேயும் பார்க்க வேண்டும். கம்பத்தைக் கையால் பிடித்து ஆட்டும்போது அடியிலுள்ள மண் அசைந்தால் அது வேலைக்கு உதவாது. வைரக்கண் கம்பிவலை வேலியின் கம்பியில் பூட்டுவது வயர் பூட்டை நம்புவதற்குச் சமம், ஏனென்றால் வெட்ட வேண்டியது வேலிக் கம்பியை மட்டுமே. ஆனால் வேலியைத் தாங்கும் இரும்புக் கால் சிமெண்டில் புதைந்திருந்தால் அது நல்ல இடம். சின்னப் பாலங்களின் கைப்பிடிக் குழாய், பழைய சினிமா கொட்டகைகளின் வரிசைக் கம்பி, வங்கி வாசலின் தடுப்புக் குழாய் போன்றவை பெரும்பாலும் தடித்த இரும்பு. கடைசியாகச் சொன்ன இடத்தில் நிறுத்தினால் ஜாகா வந்து விரட்டுவார் என்பது உண்மை. காலையில் இறங்கியதும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நிறுத்தினால், பெரும்பாலும் விட்டுவிடுவார். அதன் பிறகு அவருடைய கண்ணும் வண்டியின் மேல் இருக்கும். பெரட்டுக்களத்தில் ஒரு காலத்தில் இருந்த காவலில் நமக்கு மிச்சமிருப்பது இப்படிக் கேட்டுப் பெறுவதுதான்.

கடைத்தெருவைவிட நான் அதிகம் அஞ்சுவது வீட்டு வாசலுக்கு. அடுக்குமாடியின் கீழ்த்தளப் படிக்கட்டுக்கு அடியில் இரவெல்லாம் வண்டி நிற்கிறது, நாளைக்கும் அதே இடத்தில் அதே நேரத்தில் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். திருடனுக்கு அவசரம் இல்லை. ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு மறுநாள் தேவையான கருவியோடு வரலாம். படிக்கட்டின் கைப்பிடிக் குழாய் உள்ளே வெற்றிடமான மெல்லிய தகடு; சில இடங்களில் அதன் அடிப்பகுதி துருப்பிடித்துக் கையோடு வரும். முடிந்தவர்கள் வண்டியை மாடிக்குத் தூக்கிச் செல்வதுதான் நல்லது. முடியாதவர்கள், குடியிருப்புச் சங்கத்தின் ஒப்புதலோடு, சுவரிலோ தரையிலோ காங்கிரீட்டுக்குள் இறுகும் போல்ட் அடித்த இரும்பு வளையம் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அங்கேயே கனமான சங்கிலி ஒன்றை நிரந்தரமாக விட்டுவைத்தால் தினமும் சுமக்க வேண்டியதில்லை. மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் பேட்டரியை இரவில் கழற்றி உள்ளே கொண்டுபோய்விட வேண்டும்.

பூட்டைப் பராமரிப்பது பற்றிச் சுருக்கமாக: நம் மழையும் தோட்டச் சாலையின் செம்மண் புழுதியும் சேர்ந்தால் சாவித்துளை விரைவில் அடைத்துக்கொள்ளும். துளை கீழே பார்க்கும்படி பூட்டினால் தண்ணீர் தேங்காது, கருவி நுழைத்து நோண்டுவதும் கடினமாகும். தையல் இயந்திர எண்ணெயை ஊற்றினால் புழுதி இன்னும் ஒட்டும்; பென்சில் முனைக்கரியைப் போன்ற கிராபைட் தூள் கடையில் சிறு குழாயில் கிடைக்கிறது, அதைப் போடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி போய்விட்டால், அது உங்களுடையது என்று நிரூபிக்க எதையாவது காட்ட வேண்டியிருக்கும். உரிமத் தகடு இல்லாத இந்தக் காலத்தில் அதற்கு உதவுவது சட்டத்தில் பொறித்த எண். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதிகட்டைகள் சுழலும் அச்சுக்கூட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சேற்றைத் துடைத்தால் பெரும்பாலான வண்டிகளில் அந்த எண் தெரியும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீதையும், நீங்கள் வண்டியோடு நிற்கும் படம் ஒன்றையும் அதோடு சேர்த்து வையுங்கள். எங்கே திருட்டுப் போனாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். தண்டனைச் சட்டத்தொகுப்பின் 379ஆவது பிரிவின்படி திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மோட்டார் வாகனத் திருட்டுக்கு உரிய 379ஏ பிரிவில் ஓராண்டுக்குக் குறையாத சிறை என்ற கட்டாயம் உண்டு. மிதித்து ஓட்டும் வண்டிக்கு அந்தக் கட்டாயம் பொருந்தாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் 411ஆவது பிரிவின்படி குற்றம். பழைய பொருள் சந்தையான பாசார் காராட்டிலோ இணையத்திலோ சந்தேகத்துக்கிடமான விலைக்கு வண்டி வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உங்கள் வண்டியே விளம்பரத்தில் வந்திருப்பதைக் கண்டால் நண்பர்களைத் திரட்டிக்கொண்டு நேரில் போகாதீர்கள். விளம்பரத்தைப் படமெடுத்து, புகார் எண்ணோடு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

இருக்கைக்கு அடியில் ஆப்பிள் ஏர்டேக் போன்ற வில்லையை ஒளித்துவைப்பது இளைஞர்களிடம் பரவிவருகிறது. பட்டர்வொர்த் படகுத்துறையில் அது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அந்த வில்லைக்குத் தானாகச் செய்தி அனுப்பும் வசதி கிடையாது. பக்கத்தில் போகிறவர்களின் கைப்பேசிதான் அது இருக்கும் இடத்தைத் தெரிவிக்கிறது. செம்பனைக் காட்டுக்குள் ஆளில்லாத பாதையில் வண்டி கிடந்தால் அதன் இருப்பைச் சொல்ல யாரும் இல்லை. மேலும், யாரையும் இரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்ற நோக்கத்தில், தெரியாத வில்லை ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் கைப்பேசிக்கும் எச்சரிக்கை போய்விடும். அதனால் முதல் சில மணி நேரத்துக்கு மட்டுமே அதை நம்பலாம் என்பது என் கருத்து.

பூட்டுக்கும் வில்லைக்கும் செலவழிப்பது தனித்தனி ஆட்களின் பொறுப்பு. அசையாத பொருளை நாட்டுவது பொது வேலை. பிரிட்டனின் ஷெஃபீல்டு நகரத்தின் பெயரால் வழங்கும் நிறுத்தக் கம்பி உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. தடித்த இரும்புக் குழாயைக் கவிழ்த்த யூ வடிவில் வளைத்து நட்டால் அதுதான் அந்தக் கம்பி. ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் விட்டமும் 750 மில்லிமீட்டர் உயரமும் உள்ள குழாய்க்கு இரு பக்கமும் ஒவ்வொரு வண்டி நிற்கும், சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு மீட்டர் விட வேண்டும். கால்கள் காங்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். தரையில் தகடு வைத்து நட்டுப் போட்டு முடுக்கினால் ஸ்பேனர் உள்ளவன் கம்பியையே கொண்டுபோவான். எங்கள் ஊர் அடங்கிய செபராங் பிறை 2019இல் மாநகரமாகிவிட்டது. மாநகரத்துக்கு இது பெரிய செலவாக இருக்காது. ரயில் நிலையம், சந்தை, கிளினிக், கோயில் வாசல் ஆகிய இடங்களில் நான்கு நான்காக நட்டாலே எங்கள் ஊருக்குப் போதும். தோட்டத்துப் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டு இங்கேயே கடை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், குழாயை வளைத்துக் கொடுப்பது அவர்களுக்குக் கை வந்த வேலை. மன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கப் போகிறவர்கள் படத்தோடு அளவையும் எழுதிக் கொடுங்கள். வெறுமனே "சைக்கிள் ஸ்டாண்டு" என்று எழுதினால், முன்சக்கரத்தை மட்டும் செருகி வைக்கும் அந்த மெல்லிய கம்பிச் சட்டம்தான் வந்து சேரும்.